கோட்டுக்கு வெளியே

மைதான வாசலில் டிராம் நிற்கும்போதே தெரிந்துவிடும்.
வென்றால் கதவைத் தட்டுவார்கள்.
இன்று வரிசையாக ஏறினார்கள்,
டிக்கெட்டைக்கூட ஒழுங்காகப் பதித்தார்கள்.
சட்டைகளில் குறுக்காகக் கிடக்கும் இரண்டு சுத்தியல்,
மூடிய சுரங்கத்தின் மிச்சம்.
சொந்த மண்ணில் பூச்சியத்துக்கு மூன்று.
வெற்றி பார்க்காத ஒன்பதாவது ஆட்டம்.

நான் ஊர்ஷுலா, ஓட்டுநர்.
கடோவித்சேக்கு இரண்டு ஊர் தள்ளி இந்தத் தடம்.
ஓட்டுநரிடம் பேசக் கூடாது என்று பலகை இருக்கிறது;
ஓட்டுநர் கேட்கக் கூடாது என்று இல்லை.

முதல் நிறுத்தம்வரை மௌனம்.
பிறகு ஏவால்ட் கையுறையைக் கழற்றினான்.
மூச்சுப் படிந்த ஜன்னலில் ஒரு கட்டம்,
அதற்குள் விரலால் பதினொரு புள்ளி.
"பின்னால் மூன்றே பேர். பக்கத்து ஆட்கள் இருவரும்
சந்தைக்குப் போனவர்கள் மாதிரி மேலே போய்விடுகிறார்கள்.
இந்த இடைவெளியில் நான் லாரியையே திருப்புவேன்."
அவன் உண்மையிலேயே லாரி ஓட்டுகிறவன்.

"ஆளைக் கொடுத்தால்தானே?" என்றாள் இங்கா,
நகராட்சியில் கணக்கு எழுதுகிறவள்.
"கோல் அடிக்கத் தெரிந்த ஒருவனையும்
கோடையில் விற்றுவிட்டார் தலைவர்.
அந்தப் பணத்தில் வந்தது
விருந்தினர் மாடத்துக்குச் சூடேற்றி.
சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்."

"சட்டியைக் கவிழ்த்தது யார்?"
தெயோஃபில் எழுந்தே நின்றுவிட்டார்.
"அறுபதாம் நிமிடம் அந்தப் பத்தொன்பது வயதுப் பையனை எடுத்தானே!
பந்து வேண்டும் என்று கேட்டவன் அவன் ஒருவன்தான்.
கேட்டால், புல் ஈரமாம். குலிக் சொல்கிறான்.
ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்ற கதை.
எதிரணிக்கு மட்டும் வேறு புல்லா விரித்தோம்?"

சிரித்தார்கள். சிரித்ததற்காகக் கோபப்பட்டார்கள்.
போகச் சொல் என்றது ஒரு குரல்.
போனால் யார் வருவான் என்றது இன்னொன்று;
மூன்று வருடத்தில் ஐந்து பேரை அனுப்பியாயிற்று,
ஐந்தாமவனுக்கு இன்னும் சம்பளப் பாக்கி.

ஜன்னலில் புள்ளிகள் கரையத் தொடங்கின.
தடுப்பாட்டக்காரன் ஒருவன்
மெதுவாக வழிந்து
சொந்த கோலுக்குள் இறங்கினான்.
"பார், அப்படியே ஆடுகிறான்," என்றான் ஏவால்ட்.

எனக்கு வியூகம் தெரியாது.
ஒன்று மட்டும் காதில் உறுத்துகிறது.
வென்ற நாளில் குலிக் "நாம்" என்பான்,
அதில் நானும் இருப்பேன், டிராமும் இருக்கும்.
தோற்றால் "பையன்கள்".
பையன்கள் கவனிக்கவில்லை. பையன்கள் ஓடவில்லை.

பிப்ரவரியில், சந்திப்பில், தண்டவாள முள் உறைந்து கிடந்தது.
இறங்கிப் பார்த்திருக்க வேண்டும்.
சக்கரம் தடம் விட்டது. யாருக்கும் அடியில்லை.
நாற்பது நிமிடம் ஊர் நின்றது.
விளக்கக் கடிதத்தில் பனியைப் பற்றியே ஒரு பக்கம் எழுதினேன்.
கிழித்தேன்.
"நான் பார்க்கவில்லை."
இரண்டு வார்த்தைதான். எழுத ஓர் இரவு ஆயிற்று.

திங்கள், விடியுமுன், முதல் வண்டி.
தொப்பியை இழுத்துவிட்ட ஓர் ஆள்,
தோளில் கூம்புகள் பிதுங்கும் பை.
அவன் கார்க் கண்ணாடியை யாரோ உடைத்ததாகக் கேள்வி.
யாரோ என்றால், எங்களில் யாரோ.
மூன்றாவது ஜன்னலோரம் உட்கார்ந்தான்.
பணிமனையில் துடைக்கவில்லை போலும்;
அவன் மூச்சுப் பட்டதும்
ஏவால்டின் கட்டம் திரும்ப எழுந்து வந்தது,
புள்ளிகள், வழிந்த தடம், எல்லாம்.

முன்னால் சிவப்பு விளக்கு. அதனால் பார்த்தேன்.
யாரையும் அவன் நகர்த்தவில்லை.
விரலை நீட்டி,
கோட்டுக்கு வெளியே,
பயிற்சியாளன் நிற்கும் இடத்தில்
ஒரு புள்ளி வைத்தான்.
பச்சை விழுந்தது.

சனிக்கிழமை ஒன்றுக்கு ஒன்று.
பின்னால் நான்கு பேர்.
கதவைத் தட்டவில்லை, டிக்கெட்டும் பதிக்கவில்லை.
ஏவால்ட் ஏறும்போதே கையுறையைக் கழற்றிவிட்டான்:
"சரி, இப்போது நடுவில் யார் இருக்கிறார்கள், சொல்லு?"
மணியடித்து வண்டியைக் கிளப்பினேன்.